முட்டை ஓடு, சாக்பீஸ், வெள்ளைக்கல்: வினவிக் கற்றல் என்றால் என்ன?

சேலத்தில் மேக்னசைட் ஜங்ஷன் என்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அந்தப் பக்கம் போனவர்கள் சுரங்கத்தில் வெட்டிக் குவித்த வெள்ளைக்கல்லைப் பார்த்திருப்பீர்கள். அதில் எலுமிச்சை அளவுக்கு ஒரு துண்டு எனக்குக் கிடைத்தது. அதைக் கழுவித் துடைத்து, கூடவே கொஞ்சம் முட்டை ஓடு, நாலைந்து சாக்பீஸ், ஒரு பாட்டில் வினிகர், பழைய கண்ணாடி டம்ளர்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் ஏழாம் வகுப்பு மேசைமேல் பரப்பினேன். பாடத்தின் பெயரைப் போர்டில் எழுதவில்லை. "மூணுமே வெள்ளையா இருக்கு. மூணு மேலயும் வினிகர் விடப் போறேன். எது நுரைக்கும், எது நுரைக்காது? பக்கத்துல எட்டிப் பார்க்காம நோட்டுல எழுதுங்க. ஏன்னும் ஒரு வரி எழுதுங்க" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம் ஒவ்வொருவராகப் படிக்கச் சொன்னேன். பாதிப் பேருக்கு மேல் வெள்ளைக்கல்தான் நுரைக்கும் என்று எழுதியிருந்தார்கள். காரணமும் நல்ல காரணம்தான். "அது சுண்ணாம்புக்கல்லு மிஸ், சுண்ணாம்புல தண்ணி ஊத்தினாலே கொதிக்கும், வினிகர் ஊத்தினா இன்னும் பொங்கும்" என்றான் ஒருவன். அவன் தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்தவராம், அதனால் வகுப்பே அவன் பக்கம் சாய்ந்தது. முட்டை ஓடு நுரைக்கும் என்று எழுதியவர்கள் நாலு பேர். சாக்பீஸ் கரைந்துபோகும், அவ்வளவுதான் என்று எழுதியவர்கள் சிலர்.

வினிகரை விட்டோம். முட்டை ஓட்டைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பி ஓடு மேலே மிதந்து வந்தது. வெள்ளைக்கல் அப்படியே கிடந்தது. தாத்தா பேச்சை நம்பியவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆனால் அன்றைய பெரிய சண்டை சாக்பீஸில் வந்தது. முன் பெஞ்சில் "ஒண்ணும் ஆகலை, உதிருது" என்றார்கள். கடைசி பெஞ்சில் "மிஸ், எங்களது நுரைக்குது!" என்று கத்தினார்கள். முன் பெஞ்சுக்காரர்கள் எழுந்து ஓடிப்போய்ப் பார்த்தார்கள், உண்மையாகவே நுரைத்தது. பொய் சொல்கிறார்கள், வினிகர் அதிகம் ஊற்றிவிட்டார்கள், டம்ளரில் முட்டை ஓடு ஒட்டியிருந்தது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். டம்ளரைக் கழுவி மறுபடி செய்தோம், மறுபடியும் அதேதான். கடைசியில் ஒரு பெண் இரண்டு சாக்பீஸையும் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "மிஸ், இது கனமா இருக்கு, தூசும் வரலை, இது வேற சாக்பீஸ்" என்றாள். அலமாரியிலிருந்த இரண்டு பெட்டிகளையும் எடுத்துப் பார்த்தோம். ஒன்று சாதா சாக்பீஸ், இன்னொன்று டஸ்ட்லெஸ்.

அதற்குப் பிறகுதான் நான் பாடம் நடத்தினேன். முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டால் கார்பன் டை ஆக்சைடு வாயு கிளம்பும், நீங்கள் பார்த்த குமிழி அதுதான். சாதா சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சத்தில் செய்வது, அது கால்சியம் சல்பேட், அதில் வெளிவர அந்த வாயு இல்லை. தூசு பறக்காத சாக்பீஸை வழக்கமாகக் கால்சியம் கார்பனேட்டில் செய்கிறார்கள். 'கார்பனேட்' என்ற சொல்லை அன்று நான் விளக்கவே தேவைப்படவில்லை. நுரைத்த இரண்டுக்கும் பொதுவாக ஏதோ ஒன்று இருக்கிறது என்று அவர்களே முடிவு கட்டி, அதற்கு ஒரு பெயர் வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள்.

இதுதான் வினவிக் கற்றல். பி.எட். படித்தவர்கள் கண்டறி முறை என்றும் விசாரணை முறை என்றும் தேர்வுக்கு எழுதியிருப்பார்கள். புதிதாகக் கேள்விப்படுகிறவருக்கு நான் இப்படிச் சொல்வேன்: வழக்கமான வகுப்பில் பெயர் முதலில் வரும், விளக்கம் அடுத்து வரும், நேரம் இருந்தால் கடைசியில் ஒரு செய்முறை வரும். இந்த முறையில் கேள்வி முதலில், பிள்ளையின் யூகம் அடுத்து, அப்புறம் செய்து பார்ப்பது, அப்புறம் வாதம், பெயர் கடைசியில். பாடப்பொருள் மாறுவதில்லை, அது வரும் வரிசைதான் மாறுகிறது. ஆனால் அந்த வரிசை மாற்றம் பிள்ளைகளின் தலைக்குள் செய்யும் வேலை ரொம்பப் பெரியது, ஏனென்றால் யூகத்தை எழுதிவிட்ட பிள்ளைக்கு விடை தெரிந்தாக வேண்டும், எழுதாத பிள்ளைக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒன்றுதான்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். செய்முறை செய்தாலே வினவல் ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள். "இதை எடு, அதை ஊற்று, நிறம் நீலமாக மாறுவதைக் காண்க" என்று புத்தகத்தில் இருப்பதைப் பார்த்துச் செய்வது சமையல் குறிப்பைப் பார்த்துச் சமைப்பது மாதிரி. கைக்குப் பழக்கம் வரும், அதுவும் தேவைதான். ஆனால் என்ன ஆகும் என்று புத்தகமே சொல்லிவிட்டது, பிள்ளைக்கு யோசிக்க என்ன மிச்சம் இருக்கிறது? நீலம் வராவிட்டாலும் வந்தது என்று நோட்டில் எழுதிவிடுவார்கள். எத்தனை ரெக்கார்டு நோட்டில் அதைப் பார்த்திருக்கிறேன்! அது பிள்ளைகளின் தப்பு கிடையாது. விடையை முன்கூட்டியே கொடுத்துவிட்டு அது வந்ததா என்று கேட்டால் யாரும் வந்தது என்றுதான் சொல்வார்கள்.

எவ்வளவு கொடுப்பது, எவ்வளவு விடுவது என்பதில் படிகள் உண்டு. ஹெதர் பாஞ்சி, ராண்டி பெல் என்ற இருவர் 2008-ல் எழுதிய கட்டுரையில் இதை நான்கு நிலையாகப் பிரித்தார்கள், ஆசிரியர்கள் பலரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒரு நூலில் இரும்பு நட்டைக் கட்டி ஊசலாட விடுவதை எடுத்துக்கொள்வோம். "நூல் நீளம் கூடினால் ஆடும் நேரம் கூடும், இந்த முறையில் செய்து சரிபார்" என்றால் கேள்வி, முறை, விடை மூன்றும் ஆசிரியருடையது, அது முதல் நிலை. "நூல் நீளத்தை மாற்றினால் நேரம் என்ன ஆகும்? 25 சென்டிமீட்டரில் பத்து ஆட்டம் எண்ணு, அப்புறம் 1 மீட்டரில் எண்ணு" என்றால் விடை மட்டும் பிள்ளையுடையது, இது இரண்டாவது. "ஊசல் வேகமாக ஆடவும் மெதுவாக ஆடவும் எது காரணம், நீங்களே வழி யோசித்துக் கண்டுபிடியுங்கள்" என்றால் கேள்வி மட்டும்தான் ஆசிரியருடையது. கேள்வியையும் பிள்ளையே கொண்டுவந்தால் நாலாவது.

ஊசலைச் சும்மா உதாரணத்துக்குச் சொல்லவில்லை, இது கட்டாயம் செய்து பார்க்க வேண்டிய ஒன்று. பெரும்பாலான பிள்ளைகள் கனமான நட்டு வேகமாக ஆடும் என்றுதான் எழுதுவார்கள். ஒரு நட்டுக்குப் பதில் மூன்று கட்டினாலும் நேரம் மாறாது என்று பார்த்ததும் நூலை அவிழ்த்து நட்டை எண்ணிப் பார்ப்பார்கள். இரண்டாவது அதிர்ச்சி நீளத்தில் வரும். 25 சென்டிமீட்டர் நூலில் பத்து ஆட்டத்துக்குச் சுமார் 10 விநாடி. நீளம் நாலு மடங்கு ஆகி 1 மீட்டர் வந்தால் 40 விநாடி என்று எல்லோரும் எதிர்பார்ப்பார்கள், வருவது சுமார் 20. நாலு மடங்கு நீளத்துக்கு ஏன் இரண்டு மடங்கு நேரம்? இந்தக் கேள்வி வகுப்பில் வந்துவிட்டால் வர்க்கமூலம் என்பது கணக்கு நோட்டைத் தாண்டி நூலில் ஆடுவதைப் பிள்ளைகள் பார்த்துவிடுகிறார்கள்.

சரி, அறிவியலுக்கு இது ஒத்துவரும், கணக்குக்கு எப்படி என்று சக ஆசிரியர்களே கேட்கிறார்கள். கணக்கில் ஊற்றிப் பார்க்கவும் ஆட்டிப் பார்க்கவும் ஒன்றும் இல்லையே என்று. என்னைக் கேட்டால் கணக்குதான் இதற்கு இன்னும் வசதி, சாமானே வேண்டாம், வாசல் போதும்.

எட்டாம் வகுப்புக்கு மார்கழியில் ஒரு நாள் கோலம் போடச் சொன்னேன். இடுக்குப் புள்ளிக் கோலம், எல்லார் வீட்டிலும் போடுவதுதான். 3 புள்ளி வைத்து இரண்டு பக்கமும் 2 வரை, 5 புள்ளி வைத்து இரண்டு பக்கமும் 3 வரை, 7 வைத்து 4 வரை. ஒவ்வொன்றிலும் மொத்தம் எத்தனை புள்ளி? எண்ணினார்கள். முதலில் 7, அடுத்தது 19, அடுத்தது 37. ஒற்றைப் புள்ளியையும் ஒரு கோலமாகச் சேர்த்துக்கொண்டால் வரிசை 1, 7, 19, 37. "அடுத்த கோலத்துக்கு எத்தனை புள்ளி வேணும்? வெச்சுப் பார்க்காம சொல்லணும்" என்றேன்.

அதற்கு மேல் நான் பேசவில்லை. பத்து நிமிடம் கழித்து ஒரு குழு வித்தியாசத்தைக் கண்டுபிடித்தது: 6, 12, 18, அப்போ அடுத்தது 24, ஆக 61. இன்னொரு குழு கோலத்தையே பார்த்துச் சொன்னது, "மிஸ், சுத்தி ஒரு வரிசை கூடுது, ஆறு பக்கம் இருக்கு, ஒவ்வொரு தடவையும் பக்கத்துக்கு ஒரு புள்ளி கூடுது, அதான் ஆறு ஆறா ஏறுது." முதல் குழு எண்ணில் பார்த்ததை இரண்டாவது குழு உருவத்தில் பார்த்தது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம். 9 புள்ளி வைத்து 5 வரை தரையில் போட்டு எண்ணினார்கள். 61. கை தட்டினார்கள்.

நான் அங்கே நிறுத்தவில்லை. "இதுவரைக்கும் போட்ட கோலத்தை எல்லாம் சேர்த்து எத்தனை புள்ளி, வரிசையாக் கூட்டிப் பாருங்க" என்றேன். 1. ஒன்றும் ஏழும் 8. அதோடு பத்தொன்பது 27. அதோடு முப்பத்தேழு 64. அறுபத்தொன்றையும் சேர்த்தால் 125. யாரோ "மிஸ், இது கன எண்ணு!" என்று கத்தியது பக்கத்து வகுப்பு வரை கேட்டிருக்கும். தட்டையான கோலத்துக்குள் கனசதுரம் எப்படி வந்தது? இதற்கு விடை காண்பிக்க 27 சர்க்கரைக் கட்டி வாங்கிவந்து மூன்றுக்கு மூன்றுக்கு மூன்று என்று அடுக்கினோம். ஒரு மூலைக்கு நேரே கண்ணை வைத்துப் பார்த்தால் ஆறு பக்கமுள்ள வடிவம் தெரியும், கண்ணுக்குத் தெரியும் கட்டிகள் 19, பின்னால் மறைந்திருப்பவை 8. அதாவது ஒவ்வொரு கோலமும் ஒரு கனசதுரத்துக்கு மேல் போர்த்திய ஒரு அடுக்கு. எட்டாம் வகுப்புப் பிள்ளை இதைச் சூத்திரமாக எழுத முடியாமல் போகலாம், ஆனால் பார்த்துவிட்டது, பிறகு ஒரு நாள் சூத்திரம் வரும்போது அது தெரிந்த முகமாக இருக்கும்.

இதில் ஆசிரியருக்கு வேலை குறைவு என்று நினைத்தால் தப்பு. அடுத்தது எத்தனை என்று கேட்க வேண்டும் என்பதும், வெச்சுப் பார்க்காமல் சொல்ல வேண்டும் என்று கட்டுப்பாடு போட வேண்டும் என்பதும், கூட்டிப் பாருங்கள் என்று எப்போது சொல்ல வேண்டும் என்பதும் முந்தின நாள் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து யோசித்தது. கேள்வி தயாரிப்பதுதான் இந்த முறையின் பாதி உழைப்பு. மீதிப் பாதி வாயை மூடிக்கொண்டிருப்பது, அது இன்னும் கஷ்டம்.

வாயை மூடிக்கொண்டிருப்பதைப் பற்றி நல்ல ஆராய்ச்சியே உண்டு. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வெளியிட்ட ஆய்வுக்காக வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடிதான். அதற்குள் விடை வராவிட்டால் தானே சொல்லிவிடுவார், இல்லை அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் விடை நீளமானது, தாமாகப் பேசுகிறவர்கள் கூடினார்கள், பேசாத பிள்ளைகளும் பேசினார்கள், அவர்களே கேள்வியும் கேட்டார்கள். மூன்று விநாடி என்பது சின்ன நேரம்தான், ஆனால் நாற்பது பிள்ளைகள் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது அது எவ்வளவு நீளம் என்று நின்று பார்த்தால்தான் தெரியும். நான் மனசுக்குள் மெதுவாக ஐந்து வரை எண்ணுவேன்.

பெரிய வகுப்பில் எல்லோரையும் பேச வைக்க இன்னொரு வழி. ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மஸூர் 1990-களின் தொடக்கத்திலிருந்து இதைச் செய்தார். ஒரு கேள்வி, மூன்று விடை, தனியாக யோசித்து ஓட்டுப் போட வேண்டும், அப்புறம் வேறு விடை சொன்ன பக்கத்து ஆளிடம் பேசி அவரை ஒப்புக்கொள்ள வைக்கப் பார்க்க வேண்டும், அப்புறம் மறுபடி ஓட்டு. அங்கே கருவி இருக்கிறது, நமக்கு விரல் போதும். நெஞ்சோடு ஒட்டி விரலைக் காட்டினால் பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது. 0.5-ஐ 0.5-ஆல் பெருக்கினால் வருவது 0.5-ஐ விடப் பெரிதா, சிறிதா, சமமா? ஆறாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள், பெருக்கினால் பெரிதாகும் என்றுதான் பாதிக்கு மேல் விரல் நீளும். அப்புறம் ஒரு பெண் பக்கத்திலிருப்பவளிடம் "பாதி தோசையில பாதியைப் பிச்சா கால் தோசைதானே" என்று சொல்வாள், இரண்டாவது ஓட்டில் விரல்கள் மாறும். அந்தத் தோசையை நான் சொல்லியிருந்தால் அவ்வளவு பேர் மாறியிருக்க மாட்டார்கள். நேற்று வரை தானும் அதே குழப்பத்தில் இருந்த தோழி சொன்னதால் மாறுகிறார்கள்.

நாலாவது நிலை, அதாவது பிள்ளையே கேள்வி கொண்டுவருவது, அடிக்கடி நடக்காது. ஏற்காட்டில் மலைக் கிராமப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கும் என் தோழி வகுப்பில் அது நடந்தது. ஒரு பையன் அம்மாவோடு சேலத்துக்குப் போய்வந்தவன், ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்ற இடத்தில் தண்ணீர் குடித்துவிட்டு மூடி போட்ட காலி பாட்டில் அடிவாரம் வரும்போது நசுங்கி இருந்தது, யாரும் அமுக்கவே இல்லை என்று வந்து சொன்னான். பக்கத்துப் பிள்ளைகள் நம்பவில்லை. டீச்சர் விடை சொல்லவில்லை, "அடுத்த தடவை யார் கீழ போறீங்களோ பார்த்துட்டு வாங்க, எந்த வளைவுல நசுங்க ஆரம்பிக்குதுன்னு எழுதிட்டு வாங்க" என்றார். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு, அதைவிட நல்ல அளவுகோல் எங்கே கிடைக்கும்? மூன்று பேர் எழுதிக்கொண்டு வந்தார்கள். கீழே போகப் போக நசுங்கல் கூடுகிறது என்பதில் மூன்று பேரும் ஒத்துப்போனார்கள்.

ஏன் என்று கேட்டபோது முதலில் வந்த விடை, மேலே குளிர், கீழே வெயில், அதனால். இதை அந்த டீச்சர் தப்பு என்று தள்ளவில்லை. "சரி, சூடுதான் காரணம்னா, மூடின பாட்டிலை வெயில்ல வெச்சா நசுங்கணும் இல்லையா?" என்றார். வைத்தார்கள். பாட்டில் விறைத்துக்கொண்டது, நசுங்கவில்லை. அப்போ சூடு நசுக்காது, உப்பத்தான் வைக்கும். ஆனால் கீழே வெயிலுக்குப் போன பாட்டில் நசுங்கியது, ஆகவே சூட்டையும் மீறி வேறு ஏதோ ஒன்று வெளியிலிருந்து அமுக்குகிறது. இந்த இடத்தில் காற்றழுத்தம் என்ற சொல் வந்து உட்கார்ந்தது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர், சேலம் 300-க்கும் குறைவு, மேலே காற்றழுத்தம் சேலத்தைவிடச் சுமார் ஏழில் ஒரு பங்கு குறைவு. மேலே அடைத்த காற்று கீழே இருக்கும் காற்றைத் தாங்க முடியாமல் ஒடுங்குகிறது. கீழேயிருந்து வரும் சிப்ஸ் பாக்கெட் மேலே உப்பியிருப்பதும் இதனால்தான் என்று யாரும் சொல்லாமலே ஒரு பிள்ளை சொல்லிவிட்டது. தண்ணீர் மேலே சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது என்பதையும், அதனால்தான் பருப்பு வேக நேரம் ஆகிறது என்பதையும் அதே வாரம் சேர்த்துப் பேசினார்களாம். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அந்த வெயில் சோதனைதான். தப்பான யூகத்தை ஒதுக்காமல், அது சரியென்றால் வேறென்ன நடக்க வேண்டும் என்று கேட்டார் பாருங்கள், அறிவியல் என்பதே அந்தக் கேள்விதான்.

இது நேற்று வந்த புது யோசனையும் கிடையாது. ஜான் டூயி 1910-லேயே அறிவியலைத் தயாராக இருக்கும் தகவல் மூட்டையாக மட்டும் நடத்துகிறோம், யோசிக்கும் முறையாக நடத்துவதில்லை என்று எழுதினார். நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ல் 16 கிராமப்புறப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம்தான் பெரிய முன்னுதாரணம். கேள்விகளும் சோதனைகளும் இருக்கும், விடை இருக்காது, அப்படி ஒரு பாடப்புத்தகம், தேர்வுக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், செய்முறையும் உண்டு. 1978-ல் மாவட்டம் முழுக்கப் பரவியது, 2002-ல் அரசு நிறுத்திவிட்டது. முப்பது வருஷம் அரசுப் பள்ளிகளில் ஓடிய ஒன்று நின்றுபோனது எனக்கு இன்னும் வருத்தம்தான். தமிழ்நாட்டில் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், அதன் ஏணியும் அட்டைகளும், இங்கே பலருக்கு ஞாபகம் இருக்கும். 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் 6 முதல் 8 வரையிலான அரசுப் பள்ளி வகுப்புகளுக்கு அறிவியல், கணக்குச் சோதனைகளை நேரே கொண்டுவருகிறது. சோதனைச் சாமான்களோடு பள்ளிக்கு வருகிறவர் செய்துகாட்டிவிட்டுப் போவதோடு அது முடியக் கூடாது, அவர் வருவதற்கு முன்னால் பிள்ளைகள் யூகத்தை எழுதி வைத்திருக்க வேண்டும், போன பிறகு வகுப்பு ஆசிரியர் அதைப் பிடித்துக்கொண்டு தொடர வேண்டும். அப்போதுதான் அது வேடிக்கையைத் தாண்டிப் பாடமாகும்.

எதிர்ப்பும் உண்டு, நியாயமான எதிர்ப்பு. 2006-ல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற மூவர் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. புதிதாகக் கற்கும் பிள்ளையின் தலையில் ஒரே நேரத்தில் கொஞ்சம்தான் தங்கும், வழிகாட்டாமல் நீயே கண்டுபிடி என்று விட்டால் அந்தக் கொஞ்ச இடமும் தேடுவதிலேயே தீர்ந்துவிடும், கற்க இடமிருக்காது என்பது அவர்கள் வாதம். மறு வருஷமே, நல்ல வினவல் வகுப்பில் வழிகாட்டல் நிறையவே இருக்கிறது, வழிகாட்டாமல் விடுவதையும் வினவலையும் நீங்கள் ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள் என்று பதில் கட்டுரை வந்தது. 2011-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் துணையில்லாத தேடல் பயன்படவில்லை, துணையோடு தேடியபோது நன்றாகக் கற்றார்கள் என்றே சொன்னார்கள். என் வகுப்பு அனுபவமும் அதுதான். கோலத்தைக் கொடுத்துவிட்டு "ஏதாவது கண்டுபிடிங்க" என்று விட்டிருந்தால் அழகாகக் கலர்ப்பொடி தூவியிருப்பார்கள்.

எல்லாவற்றையும் இப்படி நடத்தவும் முடியாது, நடத்தவும் கூடாது. சோடியத்தின் குறியீடு என்ன, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை மீட்டர், பெருக்கலை முதலில் செய்வதா கூட்டலை முதலில் செய்வதா, இதெல்லாம் மனிதர்கள் கூடி வைத்துக்கொண்ட ஏற்பாடு, எவ்வளவு யோசித்தாலும் பிள்ளையால் கண்டுபிடிக்க முடியாது, நேரே சொல்லிவிட வேண்டும். வாய்ப்பாடு மனப்பாடமாக இருக்கத்தான் வேண்டும், ஏழெட்டு ஐம்பத்தாறு என்று தெரியாத பிள்ளை கோலத்தில் வரிசையைத் தேடும்போது கூட்டலிலேயே மூச்சு வாங்கும். அணுவின் உள்ளமைப்பு மாதிரி வகுப்பில் செய்துபார்க்க முடியாததைக் கதையாகவும் படமாகவும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நேரம் இல்லை, சிலபஸ் முடியாது என்பதுதான் ஆசிரியர் அறையில் எப்போதும் கேட்கும் பேச்சு, அதில் உண்மை இருக்கிறது. அதனால் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, வாரத்துக்கு ஒரு பீரியட், ஒரு கேள்வி, அவ்வளவுதான். இந்த வாரம் நடத்தப்போகும் பாடத்தில் கடைசியில் இருக்கும் செய்முறையை முதலுக்குக் கொண்டுவாருங்கள், அதன் விடையை மறைத்துவிடுங்கள், யூகத்தை எழுதச் சொல்லுங்கள், எழுதாமல் யாரையும் விடாதீர்கள். யூகம் தப்பாகப் போனதற்கு மார்க் குறைக்கக் கூடாது, நோட்டில் அதை அடித்துத் திருத்தவும் விடக் கூடாது, கீழே இன்னொரு வரியாக எழுதட்டும். சத்தம் வரும். எது பாடத்தைப் பற்றிய சத்தம், எது வேறு சத்தம் என்று இரண்டு வாரத்தில் உங்கள் காதுக்கே பழகிவிடும். வீட்டில் இருக்கும் பெற்றோருக்கும் இதே வழிதான்: பிள்ளை ஒன்று கேட்டால் விடைக்கு முன்னால் "நீ என்ன நினைக்கிறே?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, உண்மையாகவே காத்திருங்கள்.

அந்த வெள்ளைக்கல்லை மறக்கவில்லை. அன்றைக்குப் பீரியட் முடியும் நேரத்தில், அது மக்னீசியம் கார்பனேட், அதுவும் கார்பனேட்தான் என்று சொன்னேன். வகுப்பு கொதித்துவிட்டது. "அப்போ ஏன் மிஸ் நுரைக்கலை?" நான் சொல்லவில்லை, மணியும் அடித்துவிட்டது. அடுத்த நாள் இரண்டு யோசனை வந்தது. கெட்டியாக இருக்கிறது, இடித்துப் பொடியாக்கினால் நுரைக்கும் என்றது ஒரு குழு. சூடு வேண்டும் என்றது இன்னொரு குழு, சுண்ணாம்புக் கொதிப்பை இன்னும் விடாத அந்தத் தாத்தாவின் பேரன் அதில் இருந்தான். இரண்டையும் சேர்த்தே செய்துவிடலாம் மிஸ் என்றார்கள். சேர்த்துச் செய்து நுரைத்தால் எதனால் நுரைத்தது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். மெதுவாக ஐந்து வரை எண்ணினேன். சாக்பீஸைக் கையில் வைத்து எடை பார்த்த அதே பெண் எழுந்து போர்டுக்கு வந்து நாலு சோதனைக்குழாய் வரைந்தாள்: துண்டு, சூடாக்காத அமிலம். பொடி, சூடாக்காத அமிலம். துண்டு, சூடான அமிலம். பொடி, சூடான அமிலம்.

வினிகருக்குப் பதிலாக நாலு குழாயிலும் ஒரே அளவு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நானே ஊற்றினேன், பிள்ளைகளை ஒரு அடி தள்ளி நிற்கச் சொன்னேன். இரண்டு குழாயை வெந்நீர் டம்ளரில் நிறுத்தினோம். முதல் குழாயில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் ஒன்றிரண்டு குமிழி, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். மூன்றாவதில் கல்லின் ஓரத்தில் முத்து கோத்த மாதிரி வரிசையாக ஏறின. நாலாவதில் பொடி போட்ட உடனே வெள்ளையாகப் பொங்கிக் குழாயின் பாதி வரை வந்தது. இரண்டு குழுவும் நாங்கள் சொன்னதுதான் சரி என்று ஒரே நேரத்தில் கத்தினார்கள், தாத்தாவின் பேரன் மட்டும் கத்தாமல் மூன்றாவது குழாயையும் இரண்டாவது குழாயையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். "மிஸ், வெந்நி ஆறிட்டா நின்னுடுமா?" என்றான்.

எல்லோரும் டம்ளரைச் சுற்றி நின்று, ஆறும் வரை காத்திருந்தோம்.